முதலில் பெல்ட்டைப் பாருங்கள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

லண்டனில் கார்பெட் இல்லாத தமிழ் வீடு குறைவு. மாடிப்படியில்கூடக் கார்பெட் ஒட்டியிருப்பார்கள். ஆகவே ஹூவர், அதாவது தூசை இழுத்துக் கூட்டும் இயந்திரம், இல்லாத வீடும் கிடையாது. ஆனால் நான் இன்று பேச வந்தது கடையில் புதிதாக அடுக்கியிருப்பவற்றைப் பற்றி அல்ல. நிமிர்ந்து நிற்குமே, நீளக் கைப்பிடி, முதுகில் துணிப் பை, முன்னால் ஒற்றை விளக்கு, அந்தப் பழைய ஹூவர் ஜூனியர், சீனியர் வகைகளைப் பற்றி. பல வருடங்களாக நான் அவற்றைத் தேடி வாங்கி, பிரித்து, திருத்தி, ஓட விடுகிறேன். அலமாரியில் வைத்து அழகு பார்க்க அல்ல, வீட்டில் போட்டுக் கூட்டத்தான்.

வெஸ்டர்ன் அவென்யூ வழியாகப் போகிறவர்கள் பெரிவேலில் ஒரு வெள்ளை மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கத்தில் டெஸ்கோ. எத்தனையோ பேர் அங்கே அரிசியும் பருப்பும் வாங்கியிருப்போம். அதுதான் ஹூவர் தொழிற்சாலை. வாலிஸ், கில்பர்ட் கூட்டாளிகள் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது, 1933இல் திறந்தது. இன்று முன்கட்டடம் குடியிருப்பாகிவிட்டது. நம் கைக்கு வரும் ஜூனியர்களில் பல அங்கே பிறந்தவை.

ஆனால் இந்த இயந்திரத்தின் பிறந்தகம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம். கேன்டன் என்ற ஊரில் ஒரு பெரிய கடையில் துப்புரவு வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர். அவருக்கு ஆஸ்துமா. கார்பெட் கூட்டும்போது கிளம்பும் தூசு அவரைப் படுத்தியெடுத்தது. ஒரு மின்விசிறி மோட்டார், ஒரு பெட்டி, ஒரு துடைப்பக் கட்டை, தூசு பிடிக்கத் தலையணை உறை. இவற்றை வைத்துத் தனக்கென்று ஒரு இயந்திரம் கட்டினார். 1908இல் காப்புரிமை கிடைத்தது. அதை வாங்கியவர் வில்லியம் ஹூவர். குதிரைச் சேணம் போன்ற தோல் பொருட்கள் செய்து விற்றவர். மோட்டார் கார் வந்துவிட்டது, இனிச் சேணம் யாருக்கு வேண்டும் என்ற கவலை அவருக்கு. அதே வருடம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்: பத்து நாள் வீட்டில் வைத்துப் பாருங்கள், இலவசம். நான் சொல்ல வருவது வேறு. ஸ்பாங்க்ளர் முதல் இயந்திரத்திலேயே சுழலும் பிரஷ் ஒன்றை வைத்தார். காற்றை இழுப்பது மட்டும் போதாது என்பது கூட்டிப் பழகிய அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாயை உதறாமல் மேலே துடைத்தால் அடியில் உள்ள மண் போகுமா? கார்பெட்டும் அப்படித்தான். அதை உதற முடியாது, தரையோடு கிடக்கிறது. ஆகவே இயந்திரம் காற்றால் அதைச் சற்றே தூக்கி, சுழலும் உருளையால் தட்டுகிறது. 1926இல் ஹூவர் அந்த உருளையில் பிரஷ்ஷோடு உலோகத் தட்டுப்பட்டைகளையும் சேர்த்தது. பட்டை தட்ட, அடியில் இருந்த மண் மேலே வரும். பிரஷ் அதைக் கூட்டும். காற்று பைக்குள் கொண்டுபோகும். தட்டல் நின்றுபோனால் மோட்டார் எவ்வளவு சத்தம் போட்டும் பயன் இல்லை.

அந்தத் தட்டலைத் தருவது ஒரு ரப்பர் பெல்ட். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பொருள்.

அல்பேர்ட்டனில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா. எண்பதுகளில் வந்தவர். வந்த புதிதில் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்கார அம்மா அவருக்கு ஒரு ஹூவர் ஜூனியரைக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் வளர்ந்து புது மெஷின் வாங்கிக் கொடுத்த பிறகும் அதை அக்கா விடவில்லை, படிக்குக் கீழே வைத்திருந்தார். ஒருநாள் போன் பண்ணினார். "தம்பி, இது இப்ப இழுக்குதில்லை. எறிஞ்சு விடவோ?" நான் சொன்னேன், "அக்கா, நான் வந்து பார்க்கும்வரைக்கும் எறியாதேங்கோ." போய்ப் பிளக்கைக் கழற்றி, மெஷினைக் கவிழ்த்து, உருளையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சும்மா வழுக்கிச் சுற்றியது. வேறொன்றும் இல்லை, பெல்ட் தளர்ந்து நீண்டுபோய்விட்டது. புது பெல்ட் போட்டேன். உருளையில் சுற்றிக் கிடந்த முடியையும் நூலையும் வெட்டியெடுத்தேன். முதல்நாள்தான் புது மெஷினால் கூட்டிய அறை என்று அக்கா சொன்னார். அதே அறையில் இதை ஓட்டிவிட்டுப் பையைத் தாளில் கொட்டினோம். பொடிப்பொடியாக மண். அக்கா அந்தத் தாளை மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்!

நீங்களும் இப்படிப் பார்க்கலாம். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கவிழ்த்து, உருளையைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். மோட்டாரும் சேர்ந்து திரும்புகிற கனம் கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பெல்ட் போய்விட்டது. ஓட்டும்போது ரப்பர் கருகும் வாடை வந்தால் உருளை எங்கோ இறுகியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள். இன்னொன்று, பழைய ஹூவரில் மோட்டார் நட்டுக்குத்தாக நிற்கும், உருளை குறுக்கே படுத்திருக்கும். ஆகவே பெல்ட் கால்வாசிச் சுற்று முறுக்கித் திரும்பிப் போகும். மாற்றித் திருப்பிவிட்டால் உருளை எதிர்ப்பக்கம் சுழலும். எந்தப் பக்கம் என்பதற்கு அடியில் அம்புக்குறி இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள். ஓட்டாமல் வைத்திருந்தாலும் ரப்பர் முதுமையடையும். ஆகவே பெல்ட்டுகளை மொத்தமாக வாங்கிப் பத்து வருடம் பத்திரப்படுத்த வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன், எதற்கும் முதலில் பெல்ட்டைப் பாருங்கள்.

அப்புறம் பிரஷ் மயிர். தேய்ந்து, அடித்தட்டின் விளிம்புக்கு உள்ளேயே நின்றுவிட்டால் கார்பெட்டைத் தொடாது. உருளையை மாற்ற வேண்டும்.

விசிறியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இந்த வகையில் தூசு முதலில் விசிறிக்குள் புகுந்து, பிறகுதான் பைக்குப் போகும். நாணயம், ஆணி, ஊசி எல்லாம் விசிறியின் இதழில் மோதும். இதழ் உடைந்தால் மெஷின் அதிரும், அதிர்ந்தால் மோட்டார் அச்சைத் தாங்கும் பேரிங் போகும். கூட்டுமுன் தரையைக் கண்ணால் ஒருமுறை பாருங்கள்.

நேரம் ஓடிவிட்டது, மின்சாரத்துக்கு வந்துவிடுகிறேன். இதை விட முடியாது. பழைய மெஷின் கிடைத்தவுடன் ஆசையில் பிளக்கில் சொருகாதீர்கள். ரப்பர் உறை போட்ட பழைய வயர் மடிந்த இடத்தில் பொடிந்து, உள்ளே செம்பு தெரியும். உலோக உடல் கொண்டவற்றில் எர்த் இணைப்பே இல்லாதவையும் உண்டு. பழைய வயரில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். இன்றைய பிரவுன், நீல நிறக் கணக்கை அங்கே போடக் கூடாது. தகட்டில் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள், அமெரிக்க மெஷின் இங்கே நேராக ஓடாது. உள்ளே ஒரு சின்னக் கெப்பாசிட்டரும் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஹூவர் போட்டால் வானொலி கரகரக்கும், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கட்டைகளான கார்பன் பிரஷ்ஷின் தீப்பொறியால். நம் வானொலிக்காக வைத்ததுதான் அந்தக் கெப்பாசிட்டர்! ஆனால் வயதானால் கசியும், வெடிக்கவும் கூடும். தகுதியுள்ள மின்பணியாளர் சோதித்த பிறகே ஓட்டுங்கள். கார்பன் பிரஷ்களைக் கழற்றினால், எது எந்தப் பக்கம், எந்த முகம் என்று குறித்து வைத்து அப்படியே திரும்பப் போடுங்கள்.

பளபளப்பைப் பற்றி நிறையப் பேச நினைத்தேன். 1936இல் ஹென்றி ட்ரைஃபஸ் வடிவமைத்த மாடல் 150இன் பேக்கலைட் (பழைய வகைக் கடினப் பிளாஸ்டிக்) மூடியைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு உரை பேசலாம். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, சுருக்கமாக: பேக்கலைட்டைத் தண்ணீரில் ஊற வைக்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், மென்மையான பாலிஷ் போதும். துணிப் பையை வீட்டுக்குள் உதறாதீர்கள். யார் வீட்டுத் தூசோ, எந்தக் காலத்துத் தூசோ அது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுபோய்ச் செய்யுங்கள். வணக்கம்.