உதட்டில் வைத்துப் பாருங்கள்

(சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பெரியவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே! வாசலில் ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் கொடுத்தார்களே, அதைக் கையில் எடுங்கள். நாசி லெமாக் பொட்டலத்தில் சுற்றி வருமே, அதேதான். மேல் உதட்டில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு வெடுக்கென்று இழுங்கள். லேசாகச் சுடுகிறதா? இழுத்தபடியே கொஞ்ச நேரம் பொறுங்கள். இப்போது தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள். பாருங்கள், சில்லென்று இருக்கிறது.

இதை 1805-இல் எழுதி வைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். சின்ன வயதிலேயே அம்மை நோயில் பார்வையை இழந்தவர். உதடுதான் அவருக்கு வெப்பமானி.

ரப்பருக்குள் இருப்பவை நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள். சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி, ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். இழுத்தால் வரிசைக்கு வந்து வெப்பத்தை வெளியே விடும். தளர்த்தினால் மறுபடி சிக்கிக்கொள்ள ஓடும். அதற்கு வேண்டிய வெப்பத்தை உங்கள் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். ரப்பர் சுருங்கி வருவதே அந்த நெளிவால்தான்.

அப்படியானால், குளிரில்? நெளிவு மந்தமாகும், ரப்பர் விறைக்கும். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர் போய்விட்டார்கள். ராக்கெட்டின் பாகங்கள் சேரும் இடத்தில், சூடான வாயு கசியாமலிருக்க ரப்பர் வளையம் வைத்திருந்தார்கள். செயற்கை ரப்பர்தான், ஆனாலும் குணம் ஒன்றே. அன்று காலைக் குளிரில் அது விறைத்து, இடைவெளியை அடைக்கத் தவறியது. விசாரணைக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஃபெயின்மன் என்ற இயற்பியலாளர், அந்த ரப்பரில் ஒரு துண்டைக் கவ்வியில் நெருக்கி, மேசை மேல் இருந்த ஐஸ் தண்ணீர்க் குவளையில் போட்டார். வெளியே எடுத்துக் கவ்வியைத் தளர்த்தினார். நசுங்கிய ரப்பர் சட்டென்று எழும்பவில்லை. விண்வெளிக்குப் போகிற கலத்தின் கதை ஒரு குவளைத் தண்ணீரில் விளங்கிவிட்டது. அதைப் படித்த நாள் முதல் ரப்பரை நான் சாதாரணப் பொருளாக நினைப்பதில்லை.

இங்கே ரப்பர்ப் பால் மரம் சீவியவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். விடியுமுன் நிரைக்குப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்று உங்களுக்குத் தெரியும். இரவில் இலை வழியாகத் தண்ணீர் அதிகம் போகாது. பட்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், பால் பீறிட்டு வரும். வெயில் வந்தால் அழுத்தம் இறங்கிவிடும். கைக்குத் தெரிந்திருந்த சங்கதி இது. காரணத்தைக் கேட்டுப் போனவர்கள் பின்னால் வந்தார்கள்.

ஆனால் நமக்குத் தெரிந்தது பாதியோடு நின்றுவிடுவதும் உண்டு. என் பாட்டி மலையோரத் தோட்டம் ஒன்றில் இரண்டு பிள்ளைகளைக் குளிர்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, பறிகொடுத்தார். "அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கலை சாமி" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்ட் ரோஸ் என்ற டாக்டர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். 1901-இல் கிள்ளானில் டாக்டராக இருந்த மால்கம் வாட்சன் அந்தச் சேதியை வைத்தே வேலையைத் தொடங்கினார். காட்டை வெட்டி, சதுப்புத் தண்ணீரை வடித்தார். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. சரி, இதையே மலைத் தோட்டங்களில் செய்தால்? அங்கே காட்டை வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது! கொசு வேறு என்பதுதான் காரணம். சமவெளிக் கொசு நிழலான சதுப்பில் முட்டையிடும். மலையில் இருந்த கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் பிடிக்கும். ரப்பர் நடக் காட்டை அழித்து, ஓடைக்கு வெயிலைக் காட்டியதே வினையானது. அப்புறம் அந்த ஓடைத் தண்ணீரை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள், தேங்கிய நீரில் எண்ணெய் தெளித்தார்கள்.

பாட்டி தண்ணீரைச் சொன்னது தவறில்லை. குடித்த தண்ணீர் அல்ல, லயத்து வீடுகளுக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீர். இதை அவரிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2018 முதல் மலேசியாவில் மனிதருக்கு மனிதர் கொசு வழியாகப் பரவும் மலேரியா உள்ளூரில் இல்லை என்ற நிலைக்கு வந்தோம். ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா இருக்கிறது. சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2004-இல் அதைக் காட்டினார்கள். நுண்ணோக்கியில் அது வேறொரு மலேரியாக் கிருமி மாதிரியே தெரிந்ததால், மரபணுவைச் சோதித்த பிறகே பிடிபட்டது.

ஆகவே, பிள்ளைகளே, அண்ணன்மார்களே! காட்டோரத் தோட்டத்துக்கோ, மீன் பிடிக்கவோ, டுரியான் பொறுக்கவோ போய் வந்து, பிறகு காய்ச்சல் அடித்தால் பெனடோல் மாத்திரை போட்டுப் படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே கிளினிக் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: "காட்டுக்குப் போயிருந்தேன்."