செம்மண் பாதையும் காட்டுவழி மராத்தானும்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாவில் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கிடையே வந்து சிறப்பித்திருக்கும் சட்டமன்ற உறுப்பினரின் பிரதிநிதி அவர்களே, தலைமையாசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, மாரியம்மன் ஆலய நிர்வாகத்தினரே, இன்றைய அன்னதானத்தை ஏற்றுக்கொண்ட தோட்ட எழுத்தராக இருந்த முன்னாள் கிராணி ஐயா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

காட்டுவழி மராத்தானைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். பாதை, பயிற்சி என்று இரண்டையும் சொல்ல எண்ணி வந்திருக்கிறேன். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற பழமொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு பாதையிலிருந்து தொடங்குகிறேன்.

1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 42.195 கிலோமீட்டரே 1921இல் மராத்தானின் தூரமாக நிலைபெற்றது. காட்டுக்குள்ளோ, தூரத்தைவிட எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதே பெரிய கேள்வி. வேரும் சேறும் அட்டையும் உள்ள வழியில் ஒவ்வோர் அடியும் வேறுவிதமாக விழும். இறக்கத்தில் உடலின் பாரத்தைத் தடுத்துத் தடுத்து இறக்கும் தொடைத் தசை, ஏற்றத்தில் நோவதைவிட அதிகமாக நோகும். அந்தக் கால்களோடு புறநகரின் தார்ச்சாலைக்கு வரும்போது நிழலும் போய்விடுகிறது, மண்ணின் மென்மையும் போய்விடுகிறது.

ரப்பர் மரம் சீவிய குடும்பத்தில் பிறந்த நம் ஊர் இளைஞர் ஒருவர், கோலாலம்பூரில் புக்கிட் கியாரா காட்டையும் அதைச் சுற்றியுள்ள குடியிருப்புகளையும் கடந்து ஓடினார். அந்தக் குன்று முன்பு ரப்பர் தோட்டமாக இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு காட்டில் நுழைந்தவர், வெயில் ஏறியபின் சாலைக்கு வந்ததும் கெண்டைக்கால் சுண்டி இழுக்க, ஒரு வீட்டு வாசலோரம் உட்கார்ந்துவிட்டார். அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி, "வெறும் தண்ணியையே குடிக்காதே தம்பி" என்று உப்பிட்டு உலர்த்திய பழமான ஆசாம்போய் இரண்டைக் கையில் கொடுத்து, காலை நீவிவிட்டு, "எந்தத் தோட்டத்துப் பிள்ளை நீ?" என்று கேட்டார். இவர் ஊரைச் சொன்னதும் அந்த அம்மாள் சொன்னாராம்: "நீ இறங்கி வந்தியே, அந்தச் சரிவு நான் மரம் சீவுன நிரை. பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சு இருட்டோடு ஏறுவேன். ரப்பர் பால் உறையறதுக்குள்ளே வாளியைத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு இதே வழியிலேதான் ஓடுவேன். எழுந்திரு, ஓடு!" அவர் எழுந்தார், ஓடி முடித்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும். அந்தச் சரிவைத் தேய்த்தவை நம் தாய்மாரின் கால்கள்.

1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்ற இராஜாமணி தாப்பாவில் பிறந்தவர். அதே போட்டியில் மூன்று தங்கம் வென்ற மணி ஜெகதீசன் பக்கத்துக் கோலகங்சாரில் பிறந்தவர். அந்தப் பேராக் மண்ணில் பிறக்கும் நம் பிள்ளைகள் ஓடுவதற்கு எஞ்சியிருப்பது, செம்பனை வரிசைகளைக் கடந்து காட்டோரம்வரை செல்லும் பழைய தோட்டத்துச் செம்மண் பாதை ஒன்றே. பயிற்சியைப் பற்றி நான் சொல்ல விரும்புவதும் இதுதான்: வாரந்தோறும் கால் பழகுவதற்கு மண் வேண்டும். அந்த நிலம் வீட்டுமனைகளாகப் பிரிக்கப்படும்போது பாதை வேலிக்குள் போய்விடக் கூடாது. அதைப் பொதுப்பாதையாக அறிவிக்கும்படி நாம் கேட்க வேண்டும், இப்போதே கேட்க வேண்டும்.

கோலகங்சார் நகராண்மைக் கழகத்துக்கான மனு வாசலோர மேசையில் இருக்கிறது. அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்திட்டுச் செல்லுங்கள். நடக்க இயலாத பெரியவர்களின் வீடுகளுக்கு நாங்களே கொண்டு வருகிறோம். நன்றி, வணக்கம்.