சுவரில் முதலில் ஒரு அளவுகோல்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்ன நீர்த்தேக்கம் ஒன்றைப் பராமரிப்பவர்களுக்குத் தினமும் எழும் கேள்வி ஒன்றுதான்: இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? பாசனத் தொட்டியாக இருக்கலாம், மழைநீரைப் பிடித்து வைக்கும் குட்டையாக இருக்கலாம். ஒவ்வொரு முறையும் நடந்து போய் எட்டிப் பார்க்காமல் இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ள, ஒரு நீர்மட்ட சென்சாரை நாமே செய்துவிட முடியும். இந்த வேலையில் எனக்குப் பல வருட ஈடுபாடு உண்டு. யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சென்சாரை அப்புறம் வாங்கலாம், முதலில் சுவரில் ஒரு அளவுகோல் வரையுங்கள்.

ஆமாம், பெயின்டால் வரைந்த அளவுகோல்தான். சென்டிமீட்டருக்கு ஒரு சின்னக் கோடு, 10 சென்டிமீட்டருக்கு ஒரு தடித்த கோடு, பக்கத்தில் தூரத்திலிருந்தே படிக்கிற மாதிரி எண். பூஜ்யத்தைத் தரையில் வைக்காதீர்கள். தரையில் வண்டல் படியும். இன்றைய தரை அடுத்த வருடத் தரை இல்லை. தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய்தான் பூஜ்யம். அதற்குக் கீழே இருக்கும் தண்ணீர் எப்படியும் நம் கைக்கு வராது. கரை சாய்வாக இருந்தால் சாய்வின் மேல் டேப் பிடித்து அளக்கக் கூடாது, செங்குத்து உயரம்தான் கணக்கு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு கம்பத்தை நேராக நட்டு, அதில் வரைந்துவிடுவது சுலபம்.

எதற்கு இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எந்த சென்சாரும் தண்ணீர் மட்டத்தை நேராக அளப்பதில்லை. ஒன்று நேரத்தை அளக்கிறது, ஒன்று அழுத்தத்தை அளக்கிறது, ஒன்று மின்தடையை அளக்கிறது. அதிலிருந்து மட்டத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வது நாம் எழுதிய நிரல். அந்தக் கணக்கு சரியா என்று கேட்டுப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும். அந்தச் சாட்சிதான் சுவரில் இருக்கும் கோடு.

என் நண்பர் ஒருவரின் தொட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். தொட்டிக்கு மேலே ஒரு சட்டம் போட்டு, அதில் மீயொலி சென்சாரைக் கீழே பார்த்த மாதிரி பொருத்தியிருந்தார். அல்ட்ராசோனிக் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருகிறதல்லவா, அதே வேலைதான். நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்று பார்க்கும். ஒலியின் வேகத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். தூரம் குறைந்தால் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

கருவி ஓட ஆரம்பித்தது, கைபேசியில் வரைபடமும் வந்தது. அதில் ஒவ்வொரு இரவும் மூன்று நான்கு சென்டிமீட்டர் தண்ணீர் இறங்கியது. 10 மீட்டருக்கு 10 மீட்டர் தொட்டி அது. அதில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 1,000 லிட்டர். யாரோ ராத்திரியில் வால்வைத் திறக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டது. அது இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் மேல் திரும்பியது. அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிப்போயிருந்தார்.

நான் போனபோது நண்பரிடம் ஒன்றுதான் கேட்டேன். “அண்ணே, ராத்திரி இறங்குறது சரி. பகல்ல அது எப்படி ஏறுது?” மோட்டார் ஓடவில்லை, மழையும் இல்லை. வெயிலில் ஆவியாகிக் குறைய வேண்டிய தண்ணீர், வரைபடத்தில் மதியம் வரை ஏறிக்கொண்டே போயிருந்தது. அன்றைக்கே சுவரில் அளவுகோல் வரைந்தோம். மதியம் மட்டத்தைக் குறித்து வைத்தோம். மறுநாள் விடியற்காலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது தண்ணீர் அநேகமாக அதே கோட்டில் இருந்தது. டார்ச் பிடித்தவர் அந்தக் காவல்காரப் பெரியவர்தான். “இப்போ நீங்களே பாருங்க சாமி” என்றார்.

நடந்தது இதுதான். காற்று சூடானால் அதில் ஒலி வேகமாகப் போகும். 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 10 டிகிரி ஏறினால் இன்னொரு 6 மீட்டர் கூடும். நிரலில் ஒரே வேகத்தை எழுதி வைத்திருந்தால், பகல் வெப்பத்தில் எதிரொலி சீக்கிரம் திரும்பும், தண்ணீர் கிட்டே வந்துவிட்டது என்று கருவி நினைக்கும். 2 மீட்டர் தூரத்துக்கு 10 டிகிரி வித்தியாசம் என்றால் ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டர் பிழை. அந்தத் தொட்டிக் கணக்கில் 3,500 லிட்டர்! இல்லாத தண்ணீர் பகலில் வந்து, இரவில் காணாமல் போயிருக்கிறது. ஒரு மனிதர் மேல் பழி விழ அது போதுமானதாக இருந்தது.

தீர்வு எளிது. ஒரு சின்ன வெப்பமானி சென்சாரையும் சேர்த்து, அது சொல்லும் வெப்பத்துக்கு ஏற்ப ஒலியின் வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அது வெயில் படாமல், ஒலி போய்வரும் அதே காற்றில் தொங்க வேண்டும். பெட்டிக்குள் வைத்தால் பெட்டியின் சூட்டைத்தான் சொல்லும். அப்புறம், பல தடவை அளந்து சராசரி எடுக்காமல், அளவுகளை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். ஒரு தட்டான் குறுக்கே பறந்தாலும் சராசரி கெட்டுப்போகும், நடு அளவு அசையாது. விடியற்காலையில் சென்சாரின் முகத்தில் பனித்துளி முத்து முத்தாகக் கோத்து நிற்கும். அந்த நேரத்தில் வரும் தாறுமாறான அளவுகளை நம்ப வேண்டாம்.

எனக்குப் பிடித்த முறையைக் கேட்டால், மிதவை என்றுதான் சொல்வேன். அகலமான பிவிசி குழாய் ஒன்றைத் தண்ணீருக்குள் செங்குத்தாக நிறுத்துங்கள். அடிப்பக்கம் சில சின்ன ஓட்டைகள். வெளியே காற்றில் அலை அடித்தாலும் குழாய்க்குள் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதில் ஒரு மிதவை; மிதவையிலிருந்து கப்பி வழியாக நூல்; நூலின் மறுமுனையில் ஒரு எடை. கப்பியின் அச்சில் பல சுற்று சுற்றக்கூடிய பொட்டென்ஷியோமீட்டரை, அதாவது திருகத் திருக மின்தடை மாறும் ஒரு பாகத்தை, பொருத்திவிட்டால், மட்டம் மாற மாற அதன் மின்தடை மாறும். வெப்பம், பனி, தட்டான் எதுவும் இதைத் தொந்தரவு செய்யாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குழாயின் மேல்பக்கத்திலும் ஒரு ஓட்டை வேண்டும். மேலே இறுக்கி மூடிவிட்டால் உள்ளே காற்று சிக்கி, உள் மட்டமும் வெளி மட்டமும் ஒன்றாக இருக்காது. ஓட்டைக்கு வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் சிலந்தி உள்ளே குடியேறிவிடும்.

நேரம் முடியப்போகிறது என்று சைகை காட்டுகிறார்கள், மீதியை வேகமாகச் சொல்கிறேன். அழுத்த சென்சாரை அடியில் போடுபவர்கள் கவனிக்க வேண்டியது: மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தோடு, அதற்கும் மேலே இருக்கும் காற்றின் அழுத்தமும் அதன் மேல் விழும். வானிலை மாறும்போது காற்றழுத்தம் மட்டுமே 10 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு மாறக்கூடும். அதனால் வெளிக்காற்றை சென்சார் வரை கொண்டுபோகும் மெல்லிய காற்றுக்குழல் உள்ள கேபிள் வேண்டும், அல்லது வெளியே இன்னொரு அழுத்த சென்சார் வைத்துக் கழிக்க வேண்டும். இரண்டு கம்பியை நட்டு மின்சாரம் பாய்கிறதா என்று பார்க்கும் முறையில், செம்புக் கம்பியில் பச்சை பிடித்து அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகு போடுங்கள், அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுங்கள். தண்ணீர் பக்கத்தில் பேட்டரியின் குறைந்த மின்னழுத்தம் மட்டும்தான், வீட்டு மின்சாரம் வேண்டவே வேண்டாம். தகவலைத் தூரத்துக்கு அனுப்பும் ரேடியோ, இடிமின்னல் பாதுகாப்பு இரண்டையும் இன்று பேச முடியவில்லை. மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை சென்சாரிடம் கொடுத்தாலும், உபரி நீர் வழியும் குழாயை மட்டும் அடைத்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.