சாப்பிட்டாச்சா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று நின்றே தலை நரைத்தவன் நான். 2013 நவம்பரில் அயோர்டிக் என்ற ஆப்பிரிக்கப் புற்றுநோய் அமைப்பின் மாநாடு நம்ம டர்பனில் நடந்தது. ஆப்பிரிக்கா முழுக்க இருந்து புற்றுநோய்க்காரர்கள் கூடுகிற இடம். நோயாளிகளைச் சொல்லவில்லை, வைத்தியம் பார்ப்பவர்களைச் சொல்கிறேன். அவர்களெல்லாம் விமானம் ஏறி வந்தார்கள்; நான் மினிபஸ் டாக்சியில் போய் இறங்கினேன். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'ஃபார்மசிஸ்ட்' என்று பார்த்துவிட்டு ஒரு டாக்டர், "எந்தக் கம்பெனி?" என்றார். மாத்திரை விற்க வந்தவன் என்றே முடிவு கட்டிவிட்டார், பாவம்.

மேடையில் புது மருந்து, கதிர்வீச்சு இயந்திரம், பணம் என்று பேச்சு ஓடியது. எனக்கோ மனசெல்லாம் ஒரு ஆயாவிடமே இருந்தது.

ஒரு மாதம் முன்னால்தான், புரட்டாசியில், கடைக்கு வந்திருந்தார். குடலில் புற்றுநோய். கேபெசைட்டபின் மாத்திரை. வழக்கமாக 14 நாள் காலையும் மாலையும், பிறகு 7 நாள் ஓய்வு. சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போனால் ரத்தத்தில் மருந்து கூடுதலாக ஏறிவிடும். ஆயாவுக்குப் புரட்டாசி சனிக்கிழமை ஒரு பொழுதுதான். விரதத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரோடு மூன்று மாத்திரை.

கையை நீட்டினார். உள்ளங்கை சிவந்து, விரல் நுனியில் தோல் உரிந்து கிடந்தது. "மிளகாய் அரைச்ச கை மாதிரி எரியுது கண்ணு." ஒழுங்காகச் சாப்பிட்டு விழுங்கினாலும் இந்த மருந்துக்கு அது வரக்கூடியதுதான். ஆனாலும் கேட்டேன்: "ஆயா, சாப்பிட்டுட்டுத்தானே போடுறீங்க?"

"சாப்பிட்டாச்சான்னு யாரும் கேக்கலையே!"

பாருங்கள். வாசலில் யார் வந்து நின்றாலும் நாம் முதலில் கேட்பது அதைத்தானே? மருந்து கொடுக்கிற இடத்தில் மட்டும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். சில நாள் மாத்திரையை நிறுத்தி வைத்தார், கை ஆறியது.

அதே ஆயாவின் பையில் இன்னொன்றும் இருந்தது. பழைய ஜாம் பாட்டிலில் நித்தியகல்யாணிக் கஷாயம். சர்க்கரைக்காம். மடகாஸ்கரில் பிறந்த செடி, இங்கே யார் வீட்டு முற்றத்திலும் பூத்துக் கிடக்கும். 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள் என்பவர், ஜமைக்காவிலிருந்து வந்த அந்த இலையைச் சர்க்கரைக்கு ஆகுமா என்று எலிகளில் சோதித்தார். சர்க்கரை அசையவில்லை, ரத்தத்தில் நோயை எதிர்க்கிற வெள்ளணுக்கள் மளமளவென்று இறங்கின. அந்த வழியில் பிறந்ததுதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் போகிறது. கஷாயமும் இலேசுப்பட்டதல்ல, ஏற்கெனவே வெள்ளணு குறைந்தவர்கள் அதைத் தொடவே கூடாது. வீட்டில் என்ன காய்ச்சிக் குடிக்கிறீர்களோ, அதைப் பாட்டிலோடு கடைக்கு எடுத்து வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் திட்டமாட்டேன். ஆயாவைக் கொஞ்சம் திட்டினேன், அது வேறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஒரு நிமிஷம்தான் பாக்கி என்று ஒற்றை விரல் காட்டுகிறார்கள். மார்ஃபின் என்ற வலி மருந்து பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது கடைசி நாளுக்கென்று வைத்த மருந்து இல்லை. பயந்து பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டு, வலிப்பவரை வலியோடு கிடக்க விடாதீர்கள். மலச்சிக்கல் வரும், அதற்கு முதல் நாளே மருந்து கேட்டு வாங்குங்கள். நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். மிச்சத்தைக் கடைப்பக்கம் வந்தால் சொல்கிறேன். வணக்கம்.