கட்டாய விடுப்பு வழக்கு: ஜெயித்தும் பணம் வரவில்லையா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்கள். அவருடைய தம்பி மகன் கலிபோர்னியா மாநில அரசில் பொறியாளர். 2009இல் சம்பளமில்லாத கட்டாய விடுப்பு கொடுத்தார்களாம். சங்கம் வழக்குப் போட்டதாம். என்ன ஆயிற்று என்று கேட்டால், "சட்டம் எங்கள் பக்கம்தான் அத்தை, ஆனால் பணம் வரவில்லை" என்கிறானாம். அது எப்படி என்பது கேள்வி. மூன்று நாளாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பையன் சொன்னது அப்படியே உண்மை அம்மா.

அங்கே அப்போது ஆளுநர் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர். அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி, ஆட்சி நடத்துகிறவர். ஆமாம், நம்மூர்த் திரையரங்குகளில் விசில் வாங்கினாரே, அவரேதான். கஜானா காலி. 2008 டிசம்பரில் ஓர் உத்தரவு போட்டார்: பிப்ரவரி முதல் மாதம் இரண்டு நாள் வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. ஜூலையில் அது மூன்று நாளானது. மூன்று நாள் என்றால் சம்பளத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. வீட்டு வாடகை கட்டுகிறவருக்குத் தெரியும் அதன் கனம்.

சங்கங்கள் நீதிமன்றம் போயின. அங்கே என்ன வாதம்? வழக்கமாகப் பார்க்கிறவர்கள் சிரிப்பீர்கள், மறுபடியும் அதையே சொல்லப்போகிறேன்: உத்தரவு வந்தால் முதலில் கீழே பாருங்கள், கையெழுத்து யாருடையது?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். இரண்டாம் ஷிப்டுக்குப் போனால் வாசல் பலகையில் அறிவிப்பு: நாளை முதல் பத்து நாள் லே-ஆஃப், அதாவது வேலை இல்லை என்று தற்காலிகமாக வீட்டுக்கு அனுப்புவது. எல்லோரும் தூக்குச்சட்டியும் கையுமாக நிற்கிறோம். எங்கள் சங்கப் பொருளாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். மேலே இருந்த ஒரு வரியையும் படிக்கவில்லை. நேராக அடிக்குப் போனார். "மேலாளருக்காக" என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். "இது செல்லாது, நாளைக்கு வழக்கம்போல வாருங்கள்" என்றார். மறுநாள் போனோம். டைம் ஆபீசில் பேய் முழி முழித்தார்கள், அட்டையில் பதிந்துவிட்டார்கள். அன்று மாலையே மேலாளர் கையெழுத்தோடு புது அறிவிப்பு வந்துவிட்டது. மீதி ஒன்பது நாளும் சட்டப்படி பாதிச் சம்பளம்தான். எங்களுக்கு முழுசாகக் கிடைத்தது ஒரு நாள் கூலி.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபர் 4ஆம் தேதி சொன்னதும் இதுதான். இப்படி விடுப்பில் அனுப்ப ஆளுநருக்குத் தனியாக அதிகாரம் கிடையாது என்றார்கள். சங்கத்துக்கு வெற்றி! தீர்ப்பில் கூடவே ஓர் "ஆனால்". 2009 பிப்ரவரியில் சட்டமன்றம் வரவுசெலவுத் திட்டத்தைத் திருத்தியபோது, அந்த விடுப்பால் மிச்சமாகும் அளவுக்குச் சம்பள ஒதுக்கீட்டைக் குறைத்திருந்தது. அதுவே சட்டமன்றத்தின் ஒப்புதல் என்று நீதிபதிகள் எடுத்துக்கொண்டார்கள். அதனால் விடுப்பு செல்லும், பிடித்த பணம் திரும்ப வராது. சரியான கையெழுத்து தாமதமாக வந்து சேர்ந்துவிட்டது, எங்கள் மேலாளருடையது மாதிரி.

இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற கதை இல்லை. 2020இல் கேரள அரசு மாதம் ஆறு நாள் சம்பளத்தை ஐந்து மாதத்துக்குத் தள்ளிவைக்க உத்தரவிட்டது. ஏப்ரல் 28இல் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. உடனே அந்த அதிகாரத்தைத் தரும் அவசரச் சட்டம் வந்தது; அதற்குத் தடை கிடைக்கவில்லை.

அந்த அம்மா இன்னொன்றும் கேட்டிருக்கலாம். சங்கம் என்ற ஒன்று நீதிமன்றத்தில் போய் நிற்க எப்படி முடிந்தது? அதற்கு நம் பெரம்பூருக்குத்தான் வர வேண்டும். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அங்கே துணி ஆலை நடத்திய பின்னி நிர்வாகம், சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை ஆணை வாங்கியது. சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லாத காலம். அந்த வழக்கு கிளப்பிய கோபத்தில்தான் 1926இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. போன பேச்சில் இதைப் பாதியில் விட்டேன், அடுத்த முறை முடிக்கிறேன்.

அம்மா, தம்பி மகனிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த விடுப்பு நாட்களில் அவன் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தான்?