புதிய பிரைமர் பாதியிலேயே நிற்கிறதா? கிரிம்ப் பற்றிய விளக்கம்

சுட்ட தோட்டா உறையில் புதிய பிரைமரை (வெடிமருந்தைப் பற்றவைக்க உறையின் அடியில் பொருத்தும் சிறு வெடிப்பான்) பொருத்தி மீண்டும் பயன்படுத்துவது பற்றி நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ராணுவத்தில் சுட்டுக் கழித்த 5.56 மி.மீ. பித்தளை உறைகளிலிருந்து பழைய பிரைமரை எடுத்துவிட்டேன். புதியது பாதி தூரம் இறங்கி நின்றுவிடுகிறது. இன்னும் பலமாக அழுத்தலாமா?"

தயவுசெய்து அழுத்தாதீர்கள். பிரைமர் பொருத்தும் கருவியின் நெம்புகோலை மேலும் அழுத்தினால் பிரைமரின் விளிம்பு சீவப்படலாம், அது சாய்ந்து நசுங்கலாம், உங்கள் முகத்துக்கு எதிரேயே வெடிக்கவும் கூடும். இந்த வேலையில் கண்ணாடி அணியாமல் உட்காரவே கூடாது.

தானியங்கித் துப்பாக்கி தொடர்ந்து சுடும்போது பிரைமர் பின்னால் கழன்று வந்து இயக்கத்தைச் சிக்க வைத்துவிடக் கூடாது என்பதற்காக, ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் குழியின் விளிம்பை உள்நோக்கி நசுக்கிப் பூட்டிவிடுகிறார்கள், இதுவே கிரிம்ப். பழைய பிரைமர் வெளியே வந்த பிறகும் அந்த உதடு அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். உறையின் அடிப்பகுதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். குழியைச் சுற்றி அழுத்திய வளையம் ஒன்றோ, உளியால் குத்தியது போன்ற மூன்று நான்கு தழும்புகளோ தெரியும். வட்டத்துக்குள் சிலுவை போன்ற நேட்டோ முத்திரை இருந்தால், கிரிம்ப் இருக்கும் என்றே எண்ணிக்கொண்டு தொடங்குங்கள்.

நீக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ரீமர் என்னும் வெட்டுக்கருவி விலை குறைவானது, வேகமானது; ஆனால் கை சற்று அதிகமாகச் சுழன்றாலும் குழி அகன்றுவிடும், சீவிய பித்தளையை மீண்டும் ஒட்ட முடியாது. ஆகவே குழியின் வாயில் மெல்லிய பளபளப்பான சரிவு தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். நான் விரும்புவது ஸ்வேஜ் முறை. உறைக்குள் ஒரு தண்டு அடிப்பகுதியைத் தாங்கி நிற்க, கடினமான எஃகு முனையொன்று குழிக்குள் நுழைந்து அந்த உதட்டை வெளிப்புறமாகத் தள்ளிவிடுகிறது. உலோகம் சிறிதும் குறைவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: உறையின் அடிப்பகுதித் தடிமன் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால், ஒரு வகைக்கு அமைத்த கருவி இன்னொன்றில் முழுதாக வேலை செய்யாமலோ, அளவுக்கு மீறி அழுத்தியோ விடும். அதனால் முதலில் அடிமுத்திரையைப் பார்த்து உறைகளை வகை பிரித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாதது.

அடுத்து, ஓர் உறையில் மட்டும் பிரைமரைப் பொருத்திப் பாருங்கள். சீரான, மிதமான எதிர்ப்புடன் அது இறங்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் பிரைமர் மேடாகத் தட்டக் கூடாது. உறையின் அடிப்பரப்புக்குச் சற்றே உள்ளே, ஏறத்தாழ 0.1 மி.மீ. ஆழத்தில் இருப்பது சரி. எதிர்ப்பே இல்லாமல் நழுவி விழுந்தால் குழி தளர்ந்துவிட்டது என்று பொருள்; அந்த வழியாக வாயு கசிந்து துப்பாக்கியின் போல்ட் முகத்தை (உறையின் அடியைத் தாங்கும் பகுதியை) அரிக்கும் என்பதால், அந்த உறையைத் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

கிரிம்பை ஒருமுறை நீக்கினால் போதும். அடுத்தடுத்த முறைகளில் இந்த வேலை இல்லை. ஆகவே சரிசெய்த உறைகளைத் தனிப் பெட்டியில் போட்டு, மேலே எழுதி வையுங்கள்.