விழுந்த ஓசை இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நண்பர்களிடம் ஒரு வேடிக்கையைச் சொல்லத் தொடங்கிவிட்டு, முடிக்கத் தெரியாமல் தவித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். தொடக்கம் நன்றாக அமைந்தது, நடுவில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல், கடைசியில் "அவ்வளவுதான்" என்று நீங்களே சொல்ல வேண்டியதாயிற்று. அந்த "அவ்வளவுதான்" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு 11.30 மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை நேரலையாக ஒளிபரப்பாகும் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற நிகழ்ச்சியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். சில நிமிடங்களே ஓடும் குறுநாடகங்களை அடுத்தடுத்துக் கோத்த நிகழ்ச்சி அது. 'ஸ்கெட்ச்' என்று அவற்றைச் சொல்வார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய விருந்தினர் நடத்துவார். மறுநாள் காலையில் "இந்த வாரம் நன்றாக இருந்ததா, இல்லையா?" என்று ஊரே வாதிடும். அந்த வாதங்களில் பெரும்பாலும் விருந்தினர் எப்படி நடித்தார், யாரைக் கேலி செய்தார்கள் என்பதே பேச்சாக இருக்கும். நான் கேட்கும் கேள்வி வேறு. ஒவ்வொரு குறுநாடகமும் எப்படி முடிந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எந்த வாரத்தையும் எடைபோட்டுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எடுத்துக்காட்டாக முதல் நாளையே எடுத்துக்கொள்வோம். 1975 அக்டோபர் 11. நியூயார்க்கில், ராக்கஃபெல்லர் மையக் கட்டடத்தில், 8எச் என்ற அரங்கம். அந்த அரங்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நாம் பேசிக்கொண்டிருப்பது வானொலியில். அது வானொலிக்காகக் கட்டப்பட்ட அரங்கம். 1937இல் இசைமேதை டோஸ்கனினி தம் இசைக்குழுவை நடத்தி, நாடெங்கும் வானொலியில் ஒலிக்கச் செய்தது அங்கிருந்துதான். அதனால்தானோ என்னவோ, அந்த முதல் நிகழ்ச்சியை நான் பலமுறை கண்ணை மூடிக்கொண்டே கேட்டிருக்கிறேன். நீங்களும் இப்போது அப்படியே கேளுங்கள்.

ஓர் அறை. ஆங்கில ஆசிரியர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அந்த வேடத்தில் நடித்தவர் நிகழ்ச்சியின் எழுத்தாளர்களில் ஒருவரான மைக்கேல் ஓ'டொனஹியூ. வேறு நாட்டிலிருந்து குடியேறிய மாணவர் ஒருவர் பாடம் படிக்க வருகிறார். அவர் ஜான் பெலுஷி. ஆசிரியர் சொல்வதை மாணவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் பாடம். ஆனால் ஆசிரியர் சொல்லித்தரும் வாக்கியங்கள் எல்லாம் வுல்வரீன் என்ற குளிர்நாட்டுக் காட்டு விலங்கைப் பற்றியவை. உங்கள் விரல்நுனிகளை அவற்றுக்கு உண்ணக் கொடுக்க விரும்புகிறேன் என்பது ஒரு வாக்கியம். யாருக்கும் எந்த நாளும் பயன்படாத வாக்கியம். மாணவருக்கு அது தெரியாது. பயபக்தியோடு, ஆசிரியரின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்கிறார்.

நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கை நம் இலக்கணம் வகுத்திருக்கிறது. இங்கே நடப்பது பேதைமை. ஆனால் மாணவரைப் பார்த்து நமக்கு இளக்காரம் தோன்றுவதில்லை. அவ்வளவு நம்பிக்கையோடு கற்கிறாரே என்று அன்புதான் தோன்றுகிறது. பெலுஷியின் குரலில் இருக்கும் அந்தப் பணிவைக் கவனியுங்கள். இந்த நாடகமே அதன்மேல்தான் நிற்கிறது.

சரி, இதை எப்படி முடிப்பது? இன்னும் பத்து வாக்கியம் சொல்லவைக்கலாம், பத்தும் வேடிக்கையாகவே இருக்கும். பிறகு? "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் இங்கே நடப்பது வேறு. ஆசிரியர் திடீரென்று மூச்சுத் திணறி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுகிறார். கண்ணை மூடிக் கேட்டால் தொப்பென்று ஓர் ஓசை. பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் மாணவர் யோசிக்கிறார். நாமும் யோசிக்கிறோம். அவர் என்ன செய்யப் போகிறார் என்பது அவருக்கு ஒரு நொடி முன்பாகவே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவரும் மூச்சுத் திணறுகிறார், நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார், விழுகிறார். மீண்டும் தொப்பென்று ஓர் ஓசை.

விழுந்த ஓசை இரண்டு. நடுவே ஒரு மௌனம். இதற்கு மேல் ஒரு சொல்கூடத் தேவையில்லை. முடிவு வெளியிலிருந்து ஒட்டவைக்கப்படவில்லை. "நான் சொல்வதைத் திருப்பிச் சொல்" என்ற முதல் விதியிலேயே அது இருந்தது. உடனே செவி சேஸ் என்ற நடிகர் அரங்க மேலாளர் வேடத்தில், காதில் ஒலிக்கருவியோடு உள்ளே வந்து, தரையில் கிடக்கும் இருவரையும் பார்த்துவிட்டு, நம்மை நோக்கிச் சிரித்து, நியூயார்க்கிலிருந்து நேரலை என்று அறிவிக்கிறார். அரை நூற்றாண்டாக நிகழ்ச்சியைத் தொடங்கிவைக்கும் அந்த அறிவிப்பு, ஒரு குறுநாடகத்தின் சரியான முடிவுக்குப் பின்னால் பிறந்தது.

அந்த இரவில் நன்றாக அமைந்த மற்றவற்றையும் இதே காதோடு கேட்டுப் பாருங்கள். மூன்று அலகுகள் கொண்ட சவர ரேசருக்கு ஒரு போலி விளம்பரம் வந்தது. இரண்டு அலகு ரேசரே புதுமையாக இருந்த காலத்தில் மூன்றாவது என்பது வெறும் கேலி. 1998இல் ஜில்லெட் நிறுவனம் மெய்யாகவே மூன்று அலகு ரேசரை விற்கத் தொடங்கியபோது அந்தக் கேலி பழசாகிவிட்டது. ஆனால் அந்த விளம்பரம் இன்றும் கசக்கவில்லை. காரணம் அதன் கடைசி வரி. நீங்கள் எதையும் நம்புவீர்கள் என்பதால் இந்த ரேசர் என்று முடித்தார்கள். விளம்பரம் என்றாலே முழக்கத்தோடுதான் முடியும். அந்த முடிவையே அவர்கள் கடன் வாங்கிக்கொண்டார்கள்.

ஆண்டி காஃப்மன் என்ற நகைச்சுவைக் கலைஞர் செய்தது இன்னும் துணிச்சலானது. ஓர் இசைத்தட்டைச் சுழலவிட்டு அருகில் சும்மா நிற்கிறார். குழந்தைகளுக்கான ஒரு கார்ட்டூன் பாடல் ஓடுகிறது. ஒரே ஒரு வரி வரும்போது மட்டும் கையை உயர்த்தி, வீரனைப்போல் வாயசைக்கிறார். மற்ற நேரமெல்லாம் அடுத்த முறைக்காகக் காத்திருக்கிறார். எப்போது முடியும் என்பதை இசைத்தட்டே சொல்லிவிடுகிறது.

தவறிய இடமும் அதே இரவில் உண்டு. தேனீ உடை அணிந்த தந்தையர் மருத்துவமனையில் காத்திருக்கிறார்கள். பிறந்தது வேலைக்காரத் தேனீயா, ஆண் தேனீயா, ராணியா என்பதுதான் வேடிக்கை. உடைகள் அழகு, எண்ணமும் அழகு. ஆனால் ஒரு குழந்தைக்குப் பின் இன்னொரு குழந்தை என்று அடுக்கிக்கொண்டே போவதில் வளர்ச்சி எங்கே? அது முடியவில்லை, நின்றுபோனது. அன்று விருந்தினராக வந்த ஜார்ஜ் கார்லின் பெரிய கலைஞர். ஆனாலும் குறுநாடகம் எதிலும் அவர் நடிக்கவில்லை. நடுநடுவே தனியாக வந்து பேசிப் போனார். பில்லி பிரெஸ்டன், ஜானிஸ் இயன் என்று இரண்டு பாடகர்கள். ஜிம் ஹென்சனின் பொம்மைகள், ஆல்பர்ட் புரூக்ஸின் குறும்படம். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டதால் நடிகர்களுக்கு இடம் போதவில்லை. அந்த இரவின் பெரிய குறை இதுவே.

முடிவுகள் ஏன் இவ்வளவு கடினம் என்பதை நிகழ்ச்சிக் குழுவினரின் ஒரு வார வேலையே விளக்கும். திங்களன்று தயாரிப்பாளர் லார்ன் மைக்கேல்ஸின் அறையில் எண்ணங்களைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு முழுக்க விழித்து எழுதுவார்கள். புதனன்று ஏறத்தாழ 40 நாடகங்களை உரக்கப் படித்து, சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பார்கள். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு மக்கள் முன்னிலையில் முழு ஒத்திகை. அதற்குப் பிறகும் வெட்டுவார்கள், மாற்றி எழுதுவார்கள். அதனால்தான் நடிகர்கள் இன்றும் கையால் எழுதிய அட்டைகளைப் பார்த்து வசனம் சொல்கிறார்கள். செவ்வாய் நள்ளிரவில் தொடக்கம் துள்ளிக்கொண்டு வரும். விடியும்போது எழுதுகிற முடிவில் தூக்கம் கலந்திருக்கும். எனக்கு அப்படித்தான் கேட்கிறது. இங்கிலாந்தில் 1969இல் மான்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழுவினர் இந்தச் சிக்கலை நேராகவே எதிர்கொண்டார்கள். முடிவு வேண்டாம் என்று பாதியில் விட்டுவிட்டு, கார்ட்டூன் சித்திரத்தால் அடுத்த நாடகத்துக்குத் தாவினார்கள். நேரலையில் அந்த வசதி கிடையாது. உடலோடு நிற்கும் நடிகர் எப்படியாவது வெளியேறியாக வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டதாக அறிவிப்பாளர் சைகை காட்டுகிறார். இன்னொன்றை விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஏப்ரல் 11 அன்று, பெருந்தொற்றுக் காலத்தில், நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்தே நிகழ்ச்சியைத் தயாரித்தார்கள். டாம் ஹாங்க்ஸ் தம் வீட்டுச் சமையலறையிலிருந்து தொடங்கிவைத்தார். அரங்கம் இல்லை, பார்வையாளர் இல்லை. முன்பே பதிவு செய்தது என்பதால் எந்தக் காட்சியையும் எங்கு வேண்டுமானாலும் வெட்டி முடிக்கலாம். அந்த வெட்டுகளைக் கேட்டுப் பாருங்கள், நேயர்களே. 1975இல் இரண்டு ஓசைகளுக்கு நடுவே ஒரு மௌனம் இருந்ததே, அதில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே வெட்டு விழுந்ததும் வருகிற மௌனத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.